தாத்தா குழியில் இறங்கி நின்ற ஞாயிற்றுக்கிழமை

வேதத்தில் ஒரு பகுதியை வாசிக்கத் தொடங்கினால் தாத்தா எழுந்து வெளியே போய்விடுவார். இயேசுநாதர் ஒருவனைத் தம் பின்னே வரும்படி அழைக்கிறார். முதலில் போய் என் தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவன் உத்தரவு கேட்கிறான். செத்தவர்களைச் செத்தவர்களே புதைத்துக்கொள்ளட்டும், நீ புறப்படு என்கிறார் அவர். அந்த இடம்தான். வாசிப்பவர் தகப்பன் என்ற சொல்லுக்கு வருவதற்குள் தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டியிருப்பார். வெற்றிலை எச்சில் துப்பப் போகிறார் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

காரணத்தை அம்மாதான் ஒருநாள் சொன்னாள். தாத்தா மீசை முளைக்காத வயதில் திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கங்காணியின் பின்னால் இந்தத் தேயிலை மலைக்குக் கப்பலேறி வந்தவர். வீட்டில் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் விடமாட்டார்கள் என்ற பயம். அடுத்த முறை ஊருக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு வந்த அந்தக் கங்காணி, வந்த களைப்போடு, உன் அப்பன் போன அறுப்புக் காலத்திலேயே செத்துப் போனான்டா என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். தாத்தா ஆற்றில் முழுகிவிட்டு மறுநாள் காலையில் தேயிலைக்கு மண் கிளறும் முள்ளுக் குத்து வேலைக்குப் போயிருக்கிறார். மூத்த மகன் அவர்தான். தகப்பனுக்கு ஒரு பிடி மண் போட அவர் கை இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு அவர் குழி வெட்டியிருக்கிறார், அந்த ஒரு குழியைத்தான் கண்ணால் பார்த்ததில்லை.

எங்கள் தோட்டம் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்தது. அணைக்கட்டிலிருந்து புறப்பட்ட மின்சாரக் கம்பிகள் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாய் ஒட்டியிருந்த எங்கள் லயத்துக் கூரைக்கு மேலாகத்தான் கொழும்புக்குப் போயின. எங்களுக்குக் குப்பி விளக்கு. வேதக்காரக் குடும்பங்கள் அங்கே கைவிரலில் அடங்கும். தனியாகக் கோயில் கட்ட வசதியில்லாததால் பிள்ளைக் காம்பராவில்தான் ஆராதனை நடக்கும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் வேலைநாட்களில் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமையானால் சேலைத் தொட்டில்களைச் சுருட்டிக் கைமரத்தில் ஏற்றிவிட்டுக் கீழே படங்குச் சாக்கு விரிப்பார்கள். தொட்டில்களைத்தான் ஏற்ற முடியும். பால் புளித்த வாடையும் மூத்திர வாடையும் அப்படியே இருக்கும். ஆண்டவர் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவர்தானே, அவருக்கு இதெல்லாம் பழக்கம்தான் என்பாள் அம்மா.

பாதிரியார் மாதத்துக்கு ஒருமுறை ஹட்டனிலிருந்து வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். பஸ்ஸில் வந்து இறங்கி, கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க மலையேறுவார். அவருடைய தோல் பையில் வேதம் மூன்று பாஷைகளில் இருந்தது. பிரசங்கத்துக்கு முன் ஒரு வசனத்தைக் கிரேக்கத்திலோ எபிரேயத்திலோ வாசித்துக் காட்டுவார். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் அப்போதுதான் எல்லாரும் அசையாமல் இருப்பார்கள். அடுத்த லயத்து மாரியம்மன் கோயில் பூசாரிகூட வந்து கதவோரம் நின்று கேட்டுவிட்டு, இது நம்ம மந்திரத்தை விட நல்லாத்தான் இருக்கு என்று ஒருமுறை பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாட்டை அறியாமல் அந்த வேதத்தை அறிய முடியாது என்பது பாதிரியாருடைய கட்சி. இயேசுநாதர் சொன்ன கதையில், காணாமற்போன காசைத் தேடப் பட்டப்பகலில் அந்தப் பெண் ஏன் விளக்குக் கொளுத்தினாள் என்று கேட்பார். பதிலையும் அவரே சொல்வார். அந்தக் காலத்து ஏழைகளின் வீட்டில் ஜன்னல் கிடையாது, வாசலை விட்டால் வெளிச்சம் வர வழியில்லை. எங்கள் பெண்கள் உடனே தலையை ஆட்டுவார்கள். எங்கள் காம்பராக்களும் அப்படித்தான் கட்டப்பட்டிருந்தன. கொழும்புச் சபையிலே இதை விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் வேணும், இங்கை ஒரு நிமிசம் போதும் என்று அவர் சந்தோஷப்படுவார். அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று அம்மா வீட்டுக்கு வந்து கேட்பாள்.

அவருடைய பையைச் சுமந்து வருவது என் பெரியப்பா. அப்பாவுக்கு ஒரே அண்ணன், தாத்தாவுக்கு மூத்த மகன். பெரியம்மா தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்ததிலிருந்து அவர் எங்கள் காம்பராவிலேயே சாப்பிட்டு, தொழிற்சாலையில் வேலை செய்து, மிச்ச நேரம் முழுவதும் வாசித்துக்கொண்டிருந்தார். பாதிரியாரிடம் கிரேக்க எழுத்துகளைக் கற்றுக்கொண்ட புதிதில், எழுதிப் பழகத் தாளில்லாமல் தேயிலைப் பெட்டிப் பலகைகளில் கரித்துண்டால் எழுதிப் பார்த்திருக்கிறார். தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயா கண்டுபிடித்துக் கத்துவதற்குள் ஒரு பெட்டி லொறியேறிப் போய்விட்டது. லண்டனில் எந்த வீட்டுச் சீமாட்டி அதைத் திறந்து பார்த்துத் திகைத்தாளோ தெரியாது.

நான் சொல்லப்போகும் வருஷத்தில் எனக்கு எட்டு வயதிருக்கும். பாதிரியார் இந்தியாவில் மதுரைப் பக்கத்தில், போதகர்கள் படிக்கும் பள்ளியில், பெரியப்பாவுக்கு ஓர் இடம் பேசி வைத்திருந்தார். நாலு வருஷப் படிப்பு. கிரேக்கம், எபிரேயம் எல்லாம் உண்டு. திரும்பி வந்து எங்கள் தோட்டங்களுக்கே அவர் போதகராக இருக்கலாம். இந்தச் சனத்துக்கு இந்தச் சனத்திலிருந்தே ஒருத்தன் எழும்ப வேணும், நான் எத்தனை நாளைக்கு இந்த மலை ஏறுறது என்பார் பாதிரியார். பெரியப்பாவின் வயது ஏறிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் போகாவிட்டால் அந்தப் பள்ளியில் பிறகு சேர்க்க மாட்டார்கள்.

எல்லாருக்கும் தெரிந்து, யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் இன்னொன்று இருந்தது. எங்களில் யாருக்கும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இல்லை. போகிறவன் போகலாம், திரும்பி வர அனுமதி கிடைக்குமா என்பது எந்த அரசாங்கக் கந்தோரிலும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. தாத்தா எழுத்தறியாதவர், ஆனால் இதை எல்லாருக்கும் முதலில் கணக்குப் போட்டுவிட்டார். பாதிரியார் வீட்டுக்கே வந்து கேட்டபோது அவர் சுற்றி வளைக்கவில்லை.

"என் கட்டை சாயட்டுங்க. இவன் கையால மண்ணு விழட்டும். அப்பறமா மதுரைக்குப் போவட்டும், சீமைக்குப் போவட்டும், நான் வந்து ஏன்னா கேக்கப் போறேன்?"

தாத்தா தம் மனைவியின், என் அப்பாயியின், கல்லறையில் அடித்துச் சத்தியம் செய்த வார்த்தை அது. தாத்தா ஒரு வார்த்தையை விட்டால் அதைத் திரும்ப எடுக்க மாட்டார் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். பெரியப்பா பாதிரியாரைப் பார்த்து இல்லையென்று தலையசைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. தாத்தாவும் சாப்பிடவில்லை. அம்மா இரண்டு தட்டையும் எடுத்து எனக்கும் தம்பிக்கும் வைத்தாள், நாங்கள் மகிழ்ச்சியோடு சாப்பிட்டோம்.

அடுத்த மாதம் வந்த பாதிரியார் அந்தப் பகுதியையே எடுத்தார். வேண்டுமென்றுதான் எடுத்தார் என்று இப்போது தெரிகிறது. தாத்தா துண்டை உதறியதும் அவர் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

"அப்பு, இண்டைக்கு மட்டும் இருங்கோ. நான் சொல்லிறதைக் கேட்டிட்டுப் பிறகு போங்கோ."

முழுச் சபைக்கும் முன்னால் ஒரு பாதிரியார் கெஞ்சினால் என்ன செய்வது? தாத்தா உட்கார்ந்தார்.

பாதிரியார் முதலில் கிரேக்கத்தில் வாசித்தார். பிறகு எங்களைப் பார்த்து, இந்த ஆளின் தகப்பன் எங்கே இருக்கிறான் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். காம்பராவில் பொணமாக் கெடக்கான் என்றார் ஒருவர். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். எங்கள் மலைக்குளிரில் பிரேதம் தாங்கும். வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தங்கச்சி வர வேண்டும், மருமகன் வர வேண்டும் என்று வைத்திருப்போம். வாசலில் தப்பு முழங்கிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு வீட்டிலிருந்து மூத்த மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற ஆண்டவராகத்தான் அவரை நாங்கள் கண்டிருந்தோம். தோட்டத்துத் துரைகூடச் சாவுக்கு அரைநாள் விடுவார், பெட்டிக்குப் பலகை கொடுப்பார்.

"அது வெக்கையான நாடு பாருங்கோ," என்றார் பாதிரியார். "காலமை செத்தால் பொழுது படமுன்னம் அடக்கம். செத்த வீட்டு மகன் வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டான், தெருவிலை நிண்டு கதைக்க மாட்டான். இவன் தெருவிலை நிக்கிறான். அப்ப என்ன? தேப்பன் சாகேல்லை. சுகமாய் வீட்டிலை இருக்கிறார். அந்தப் பக்கத்துப் பிள்ளையளிட்டை தூர தேசத்துக்கு வா எண்டு கேட்டால், தேப்பனை அடக்கம் செய்துபோட்டு வாறன் எண்டுதான் சொல்லுவினமாம். சாகுமட்டும் கூட இருந்து பார்க்கிறது என்ரை கடமை, அதை முடிச்சிட்டு வாறன் எண்டு அதுக்குக் கருத்து."

அவர் நேர்மையானவர். அதோடு நிறுத்தவில்லை. வேறு சில பண்டிதர்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள் என்றும், அங்கே குகையில் பிரேதத்தை வைத்து, ஒரு வருஷம் கழித்து மகன் போய் எலும்புகளைப் பொறுக்கிக் கல்பெட்டியில் போடும் வழக்கமும் இருந்தது என்றும், ஒருவேளை அந்த இரண்டாம் அடக்கத்துக்காக அவன் தவணை கேட்டிருக்கலாம் என்றும் விளக்கினார். இரண்டில் எது என்று தனக்குத் தெரியாது, ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் பிரேதம் இல்லை, அது மட்டும் நிச்சயம் என்றார்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி, "அட, நம்ம கெழவனுங்க பேசுற பேச்சுல்ல இது!" என்றாள். பிள்ளைக் காம்பரா முழுவதும் சிரித்தது. எந்த லயத்தில்தான் அந்தப் பேச்சு இல்லை? மகன் வேறு தோட்டத்துக்குப் போகிறேன் என்றால், கொழும்பில் கடை வேலைக்குப் போகிறேன் என்றால், என்னைப் புதைச்சிட்டுப் போடா என்று சொல்லாத தகப்பன் அங்கே இல்லை. யூத நாட்டில் பிறந்த ஒருவன் தண்ணீர் விழும் எங்கள் பீலிக்கரையில் நின்று பேசுவது மாதிரி இருந்தது எங்களுக்கு. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து நானும் உரக்கச் சிரித்தேன். பெரியப்பா மட்டும் குனிந்து சாக்கிலிருந்து நார் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

தாத்தா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து கேட்டார். "அப்ப அந்தத் தகப்பன் என்னங்க ஆனான்?"

"அது எழுதப்படேல்லை, அப்பு."

"மகன் போனானாங்க, இல்ல நின்னுட்டானா?"

"அதுவும் எழுதப்படேல்லை."

தாத்தா ஒரு "ம்" போட்டார். அன்று அவர் ஆசீர்வாதம் முடியும்வரை இருந்தார். பாதிரியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கிழவரின் மனப்புண்ணில் மருந்து வைத்துவிட்டதாக நினைத்திருப்பார். பாவம், நல்ல மனிதர்.

அதற்குப் பிறகு தாத்தா பின்னேரங்களில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சாவுக்காட்டுப் பக்கம் போகத் தொடங்கினார். டர்பன்டைன் மரங்களுக்குக் கீழே, தேயிலை வளராத ஒரு சரிவு அது. நான் போத்தலில் தேத்தண்ணீரும் கருப்பட்டித் துண்டும் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்பாயியின் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் வளர்ந்துகொண்டே வந்தது. என்ன தாத்தா என்றால், பலாக்கன்னு வைக்கப் போறேன் என்றார். கன்று எங்கே என்று நான் கேட்கவில்லை. பலாப்பழம் எப்போது காய்க்கும் என்று மட்டும் கேட்டேன்.

மறுமாதம் பாதிரியார் வந்து ஆராதனை முடிந்ததும் தாத்தா எழுந்து நின்று, எல்லாரும் கொஞ்சம் சாவுக்காடு வரைக்கும் வந்துட்டுப் போகணும் என்று கேட்டுக்கொண்டார். அப்பாயியின் நினைவுக்கு ஜெபம் பண்ணப் போகிறார் என்று நினைத்து எல்லாரும் புறப்பட்டார்கள். மூடுபனி இறங்கியிருந்தது. பள்ளத்தைக் கண்டதும் முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள். தாத்தா நிற்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கையூன்றி உள்ளே இறங்கினார். இடுப்பளவுக் குழி. கிழக்குப் பார்த்து நின்றுகொண்டு, "மூத்தவனே, இங்க வா" என்றார்.

பெரியப்பா போகவில்லை. பாதிரியார்தான் குடையைக்கூட விரிக்காமல் ஓடினார்.

"அப்பு, இதென்ன விளையாட்டு? மேலை வாங்கோ."

"விளையாட்டு இல்லீங்க ஐயா. நீங்கதான சொன்னீங்க, அந்த மனுசன் உசுரோட இருக்கிற தகப்பனத்தான் பொதைக்கணும்னு கேட்டான்னு. அப்படின்னா இவன் இன்னைக்கே பொதைச்சிட்டுப் போவட்டும். எதுக்கு நான் சாகிற வரைக்கும் காத்துக் கெடக்கணும்?"

"நான் சொன்னது அந்தப் பேச்சின்ரை கருத்தை. அதைச் செய்து காட்டச் சொல்லேல்லை."

"கருத்த வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? இவன் கையால மண்ணு விழணும்னு இவன் ஆத்தா மேல சத்தியம் பண்ணுனவன் நானு. விழுந்துட்டா என் வார்த்த முடிஞ்சுது. அதுக்கு மேல இவன நிறுத்தி வைக்க எனக்கு வழியில்ல."

உயிரோடு இருக்கிற மனிதருக்கு அடக்க ஆராதனை வாசிக்கத் தன்னால் ஏலாது என்றார் பாதிரியார். நீங்க ஒண்ணும் வாசிக்க வேணாங்க, சும்மா நில்லுங்க போதும் என்றார் தாத்தா. இரண்டு பெண்கள் அபசகுனம் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரும்பினார்கள். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா குழியோரத்தில் மண்டியிட்டுவிட்டார்.

"நான் போகலப்பா. எங்கயும் போகல. நீங்க மேல வாங்க."

"நீ மண்ணு போடாம நான் ஏறப் போறதில்ல."

தூறல் பிடித்துக்கொண்டது. யாரும் அசையவில்லை. தாத்தாவின் வெள்ளைச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. அடி மண் தண்ணீர் கசிந்து சேறாகி, அவருடைய கால்கள் கணுக்கால்வரை அதில் புதைந்திருந்தன. தாத்தாவின் தாடை நடுங்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். அதுவரை ஓரமாக நின்ற அப்பா வந்து பெரியப்பாவின் தோளைத் தொட்டார்.

"போடுண்ணே. அப்பாவுக்குக் காலு வெறைக்குது."

பெரியப்பா போட்டார். மூன்று பிடி. ஒவ்வொரு பிடிக்கும் அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை அதற்கு முன் நான் எந்த ஆணிடமும் கேட்டதில்லை. மண் தாத்தாவின் பாதங்களில் விழுந்தது. தாத்தா குனிந்து அதைப் பார்த்தார், சரி என்றார், கையை நீட்டினார். அப்பா பிடித்துத் தூக்கினார். பாதிரியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றார்.

சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள்போல எல்லாரும் பீலியில் குளித்துவிட்டு வீடு திரும்பினோம். செத்தவரே முதலில் குளித்தார். அடுத்த காம்பரா அக்காவுக்குத்தான் பெரிய குழப்பம். இழவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, பக்கத்து வீட்டார்தான் ஆக்கிக் கொடுக்க வேண்டும். இது இழவு வீடா இல்லையா? எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சட்டியில் சோறும் ரசமும் கொண்டுவந்து வாசலில் தயங்கி நின்றாள். தாத்தாதான் வாங்கி வைத்துக்கொண்டு முதலில் சாப்பிட்டார்.

பெரியப்பா புறப்பட்ட அன்று தாத்தா வெளியே வரவில்லை. உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். செத்தவன் எங்கயாவது வழியனுப்ப வருவானா என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தார். இஸ்தோப்புத் திண்ணையில் தகரப் பெட்டியோடு நின்று பெரியப்பா, "அப்பா, போயிட்டு வர்றேன்" என்றார். இன்னொருமுறை சொன்னார். நான் உள்ளே ஓடி, தாத்தா, பெரியப்பா கூப்பிடுறாரு என்று கையைப் பிடித்து இழுத்தேன். துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார் அவர். என்னைப் பார்க்கவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் பெட்டியை மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு ஹட்டனில் ரயிலேற இறங்கிப் போனார்கள். பின்னேரம் அப்பா மட்டும் திரும்பி வந்தார்.

பள்ளிக்கூடத்தில் எனக்குத் திடீரென்று மவுசு கூடிவிட்டது. உங்க தாத்தா பேயா என்று கேட்டார்கள். பேயில்லை, எங்க பெரியப்பா அவரைப் புதைத்துவிட்டார், அவ்வளவுதான் என்று நான் பெருமையாகச் சொல்லுவேன். பெரியப்பாவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு அலுக்காது. கடல் தாண்டிப் போனவர், இயேசுநாதர் காலத்துப் பாஷை படிப்பவர். அப்பாவைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இருக்கவில்லை. அவர் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஆள், எல்லார் அப்பாவையும் போல.

பெரியப்பா படித்து முடித்துப் போதகரானார். அந்த நாட்டிலேயேதான். திரும்பி வர அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார், கிடைக்கவில்லை. எங்கள் தோட்டங்களுக்கு எங்களிலிருந்து ஒருவர் என்ற பாதிரியாரின் ஆசை அப்படியே நின்றது. தாத்தா உண்மையில் கண்ணை மூடியபோதும் பெரியப்பா இங்கே இல்லை. அந்தச் சாவுக்கு மண் போட்ட முதல் கை என் அப்பாவுடையது, அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆனால் என் மனதில் நிற்பது அந்த நாளல்ல. அதற்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை.

குழியிலிருந்து ஏறிய அடுத்த மழைக்காலத்திலேயே தாத்தாவின் கால்கள் விழுந்துவிட்டன. முதலில் கோல், பிறகு அதுவும் இல்லை. அப்பா விடிவதற்கு முன் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு கக்கூசுக்குப் போவார். கழுவிவிட்டுக் கொண்டுவந்து உட்கார்த்தி, வாயில் கஞ்சி ஊட்டி, ஈரச் சாக்கை மாற்றிப் போட்டுவிட்டு, பெரட்டுக்கு ஓடுவார். ஆள் கணக்கெடுத்து முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் ஏச்சு எங்கள் லயம்வரை கேட்கும். அணைக்கட்டு வேலைக்குப் போன அப்பாவின் கூட்டாளி ஒருவர் அந்த நாட்களில் அடிக்கடி வந்து, அங்கே மின்சார வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், வந்தால் சேர்த்துவிடுகிறேன், உனக்குக் குவாட்டர்ஸ்கூடக் கிடைக்கும் என்று அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா பாக்கலாம் என்பார். கொஞ்ச காலத்தில் கூட்டாளி கேட்பதை விட்டுவிட்டார். அப்பா இரவு இருமும்போதும் தாத்தா பக்கம் திரும்பாமல் இருமப் பழகியிருந்தார். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வீட்டில் நடக்கிற காரியங்கள் என்பதற்கு மேல் அவை எனக்கு ஒன்றுமாக இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வரவில்லை. சபை மூப்பர் ஒருவர் தட்டுத்தடுமாறி வேதம் வாசித்தார், அந்தப் பகுதியே வந்தது. எனக்கு அப்போது வசனத்தின் முதல் பாதியெல்லாம் தலைகீழ்ப் பாடம். தகப்பன் சாகவில்லை, சாகுமட்டும் கூட இருந்து பார்ப்பதற்குத்தான் அந்த நாட்டில் அடக்கம் என்று பேர், எல்லாம் தெரியும். செத்தவர்களைச் செத்தவர்களே புதைத்துக்கொள்ளட்டும் என்ற இரண்டாம் பாதிதான் அன்று திடீரென்று இடித்தது. அதற்குப் பாதிரியார் அந்த நாட்டு வழக்கம் எதையும் சொல்லியிருக்கவில்லை. வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

பீலியில் அப்பா தாத்தாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கல்லில் அவரைச் சாய்த்து உட்கார்த்தி, விழுந்துவிடாமல் தன் முழங்காலை முட்டுக் கொடுத்து, ஒரு கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டு மறு கையால் முதுகு தேய்த்தார். தாத்தா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்பாவின் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"அப்பா," என்றேன், "செத்தவங்க எப்படிப்பா செத்தவங்களப் பொதைப்பாங்க?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த வெந்நீரைச் செம்பில் மொண்டு, சூடு இருக்கிறதா என்று தன் புறங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு, தாத்தாவின் தோளில் மெதுவாக ஊற்றினார்.

"இப்பிடித்தாம்மா" என்றார்.

பீலித் தண்ணீர்ச் சத்தத்தில் என் கேள்வி அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து, கிட்டப் போய், அதையே இன்னும் சத்தமாகக் கேட்டேன்.